வயிற்றுக்குள் இன்னொரு கூட்டமும் சாப்பிடுகிறது

ஆறாம் மாதத்தில் ஒரு நாள் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்து, ரத்தம் எடுக்கிறார்கள். சீட்டைப் பார்த்துவிட்டு, "சுகர் கொஞ்சம் கூட இருக்கும்மா" என்கிறார் டாக்டர். நீங்கள் வீடு வந்து சேர்வதற்குள் ஆளுக்கொரு காரணம் சொல்லிவிடுகிறார்கள். மசக்கையில் மாம்பழமாகத் தின்றாய். வளைகாப்புக்கு வந்த இனிப்பையெல்லாம் நீதானே முடித்தாய். ராத்திரி படுக்கும்போது நீங்களும் அதையே நம்பத் தொடங்கிவிடுகிறீர்கள்.

உங்களிடம் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். கர்ப்பகால நீரிழிவு (கர்ப்பத்தில் முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்படும் உயர் ரத்தச் சர்க்கரை) நாலு மாம்பழத்தால் வருவதில்லை. அதற்கான ஆயத்தம் பல மாதங்கள் முன்பே, வயிறு வெளியே தெரியாத நாட்களிலேயே, உடம்புக்குள் தொடங்கிவிடுகிறது. அந்த ஆயத்தத்தில் உங்கள் குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் பங்கு உண்டு என்று கடந்த பத்துப் பதினைந்து ஆண்டு ஆய்வுகள் காட்டுகின்றன.

குடலுக்குப் போகும் முன், கர்ப்பத்தில் சர்க்கரை ஏன் ஏறுகிறது என்று பார்த்துவிடலாம்.

சாப்பாட்டிலிருந்து ரத்தத்தில் சேரும் சர்க்கரையைத் தசைகளுக்குள் அனுப்புவது இன்சுலின் (கணையம் சுரக்கும் ஹார்மோன்). கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இந்த இன்சுலின் சொல்வதை உடம்பு முழுதாகக் கேட்காதபடி செய்கின்றன. அதனால் சர்க்கரை ரத்தத்தில் சற்று அதிக நேரம் நிற்கிறது, குழந்தைக்குப் போய்ச் சேர்கிறது. இது நோயல்ல, பிள்ளைக்குப் பங்கு ஒதுக்கும் ஏற்பாடு. இதை ஈடுகட்ட உங்கள் கணையம் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு இன்சுலின் சுரக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலானோருக்கு அது முடிகிறது. சிலருக்குக் கணையத்தால் அவ்வளவு தூரம் ஓட முடிவதில்லை. அவர்களுக்குத்தான் சீட்டில் எண் ஏறி நிற்கிறது.

இதில் குடலுக்கு என்ன வேலை?

நம் உடம்பில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என்பது ஒரு மதிப்பீடு. நம் சொந்த செல்களே சுமார் 30 லட்சம் கோடிதான். அந்த பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பகுதி பெருங்குடலில் குடியிருக்கிறது. சோற்று மாவையும் சர்க்கரையையும் சிறுகுடலே உறிஞ்சிவிடுவதால் பெருங்குடல்வரை வந்து சேர்வது பெரும்பாலும் நார்ச்சத்து (நம்மால் செரிக்க முடியாத தாவரப் பகுதி). நமக்குச் செரிக்காத அந்தச் சக்கைதான் அவற்றுக்குச் சாப்பாடு.

இட்லி மாவைக் கரைத்து வைத்தால் ராத்திரியில் என்ன நடக்கிறதோ, கிட்டத்தட்ட அதுதான் பெருங்குடலிலும் நடக்கிறது. நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைத்துச் சிறிய அமிலங்களை உண்டாக்குகின்றன. அவற்றில் ஒன்று பியூட்டிரேட் (வெண்ணெயிலும் இருப்பதால் அப்பெயர் பெற்ற கொழுப்பு அமிலம்). குடல் சுவரின் செல்களுக்கு இதுதான் முக்கிய எரிபொருள். இந்த அமிலங்கள் குடலின் சில செல்களைத் தூண்டி, ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்க வைக்கின்றன. அது கணையத்துக்கு "இன்சுலினை விடு" என்றும் மூளைக்கு "போதும்" என்றும் சொல்லும் ஹார்மோன். இன்று பெரிய விலைக்கு விற்கும் சில நீரிழிவு ஊசிகள் இந்த ஹார்மோனைப் போலச் செய்யப்பட்டவைதான். அந்த ஊசிகளைக் கர்ப்பத்தில் போடக் கூடாது. உடம்பே சுரக்கும் ஹார்மோனுக்கு அந்தக் கவலை இல்லை.

நார் கிடைக்காவிட்டால் நுண்ணுயிர்கள் என்ன செய்யும்? பட்டினி கிடக்கும் நுண்ணுயிர்களில் சில, குடல் சுவரின் மேலுள்ள கோழைப் படலத்தையே தின்னத் தொடங்குவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். படலம் மெலிந்தால் பாக்டீரியாக்களின் உடல் துணுக்குகள் ரத்தத்துக்குள் கசியும். உடம்பு அதை எதிரியாக எண்ணி உள்ளுக்குள் மெல்லிய அழற்சியை (காய்ச்சலோ வலியோ இல்லாமல் நீடிக்கும் தற்காப்புக் கொதிப்பை) மூட்டும். அந்தக் கொதிப்பு இன்சுலினின் பேச்சை இன்னும் மந்தமாக்கும். நஞ்சுக்கொடி ஏற்கெனவே ஒரு பக்கம் தடுத்துக்கொண்டிருக்க, இது மறுபக்கத் தடையாகச் சேர்ந்துகொள்கிறது.

இதெல்லாம் கர்ப்பிணிகளிடம் பார்த்த செய்தியா, எலிக்கதையா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

2012-இல் ஓம்ரி கோரன், ரூத் லே ஆகியோர் இடம்பெற்ற குழு, பின்லாந்தைச் சேர்ந்த 91 கர்ப்பிணிகளின் மலத்தை முதல் மூன்று மாதத்திலும் கடைசி மூன்று மாதத்திலும் எடுத்து ஒப்பிட்டது. சாப்பாடு பெரிதாக மாறாதபோதும் நுண்ணுயிர்க் கூட்டம் மாறியிருந்தது. கடைசி மாதங்களில் எடுத்ததை, கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளின் குடலில் சேர்த்தார்கள். முதல் மாதங்களின் கூட்டத்தைப் பெற்ற எலிகளைவிட இவை கொழுத்தன, இவற்றுக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை. இந்த எலிகளில் ஒன்றுகூடக் கர்ப்பமாக இல்லை என்பதைக் கவனியுங்கள். நுண்ணுயிர்களை இடம் மாற்றியதே போதுமானதாக இருந்தது.

இதற்கு மாறான செய்தியும் உண்டு. 2015-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு வாரம் தவறாமல் மாதிரி எடுத்துப் பார்த்தபோது, கர்ப்பம் முழுக்கக் குடல் நுண்ணுயிர்கள் பெரிதாக மாறவில்லை என்றது. எனவே "எல்லாக் கர்ப்பிணிக்கும் இப்படித்தான் மாறும்" என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம்.

எனக்கு முக்கியமாகப்படுவது 2023-இல் வந்த இஸ்ரேல் ஆய்வு. கோரனின் குழு 394 பெண்களிடம் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே மாதிரிகளை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. பின்னால் யாருக்குச் சர்க்கரை ஏறியதோ, அவர்களின் தொடக்க மாத மாதிரிகளைத் திரும்பப் பார்த்தது. சோதனையில் சர்க்கரை தெரிவதற்குப் பல மாதம் முன்பே அவர்களின் நுண்ணுயிர்க் கூட்டம் வேறாக இருந்தது, நாரிலிருந்து உண்டாகும் அந்தச் சிறிய அமிலங்கள் குறைந்திருந்தன, ரத்தத்தில் அழற்சியின் அடையாளங்கள் கூடியிருந்தன. அந்த மலத்தை எலிகளுக்குக் கொடுத்தபோது எலிகளுக்கும் இன்சுலின் தடை வந்தது.

வளைகாப்பில் தின்ற இனிப்பு, இரண்டாம் மாதத்து ரத்தத்தை மாற்றியிருக்க முடியாது. உங்கள் வீட்டில் யாராவது உங்களைக் குறை சொன்னால் இந்த ஒரு செய்தியைச் சொல்லுங்கள். வயது, உடல் எடை, பெற்றோருக்கு நீரிழிவு, முந்தைய பிரசவத்தில் சர்க்கரை ஆகிய காரணங்களுக்கே இதில் பெரும்பங்கு. நுண்ணுயிர்கள் அவற்றோடு சேரும் ஒரு காரணம், ஒரே காரணம் அல்ல.

சரி, நல்ல பாக்டீரியாவை மாத்திரையாக வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா?

இந்த இடத்தில்தான் நீங்கள் நின்று படிக்க வேண்டும். மருந்துக்கடையில் "புரோபயாட்டிக்" (உயிருள்ள நல்ல பாக்டீரியா அடைத்த குளிகை) என்று கேட்டால் கையில் கொடுத்துவிடுவார்கள். ஆரம்பத்தில் பின்லாந்தில் நடந்த ஒரு சிறிய ஆய்வு நல்ல நம்பிக்கை தந்தது உண்மை. பிறகு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் உடல் எடை கூடிய 411 கர்ப்பிணிகளிடம் அதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். குளிகை எடுத்தவர்களில் 18.4 சதவீதத்தினருக்குக் கர்ப்பகால நீரிழிவு வந்தது. வெற்றுக் குளிகை எடுத்தவர்களில் 12.3 சதவீதத்தினருக்கு. இந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம், ஆனால் குளிகை தடுக்கவில்லை என்பது தெளிவு.

அதைவிடக் கவலை தருவது இன்னொன்று. இப்படிப்பட்ட ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2021-ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பு, குளிகை எடுத்த கர்ப்பிணிகளுக்கு ப்ரீஎக்லாம்ப்சியா (ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் இறங்கும் ஆபத்தான நிலை) கூடுதலாக வந்ததைக் காட்டியது. ஆகவே சர்க்கரைக்காக இந்தக் குளிகையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். வயிற்றுப்போக்குக்கோ வேறு காரணத்துக்கோ டாக்டர் எழுதிக் கொடுத்தால் அது வேறு, அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியானால் தயிரும் ஆகாதா? அந்த எச்சரிக்கை குளிகையைப் பற்றியது, வீட்டுத் தயிரைப் பற்றியது அல்ல. தயிர் காலங்காலமாக உண்ணும் உணவு, அதில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. தாராளமாகச் சாப்பிடுங்கள். தயிர்சாதம் என்று வரும்போது மட்டும் தயிரை அல்ல, சோற்றின் அளவைப் பாருங்கள்.

மலத்தைப் பரிசோதித்து உங்கள் குடலுக்கேற்ற உணவுப் பட்டியல் தருகிறோம் என்ற விளம்பரங்களும் வருகின்றன. கர்ப்பகால நீரிழிவைக் கண்டுபிடிக்கவோ கவனிக்கவோ இன்று அந்தச் சோதனை தேவையில்லை. அந்தப் பணத்தில் வீட்டுக்கு ஒரு குளுக்கோமீட்டர் வாங்கலாம்.

இனி சாப்பாடு. உள்ளே இருக்கும் கூட்டத்துக்கு என்ன போடுவது?

ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார் என்பது நல்ல இலக்கு. நம் சாப்பாட்டில் அது எங்கே இருக்கிறது தெரியுமா? ஒரு கப் வெள்ளைச் சோற்றில் ஒரு கிராம்கூட இல்லை. வேகவைத்த ஒரு கப் கொண்டைக்கடலையில் சுமார் 12 கிராம். நூறு கிராம் கொய்யாவில் 5 கிராம். ஒரு கிண்ணம் சுண்டலும் ஒரு கொய்யாவும் பாதித் தூரத்துக்கு மேல் உங்களைக் கொண்டுபோய்விடும். மிச்சத்தைக் கீரை, அவரைக்காய், கொத்தவரை, வாழைத்தண்டு, வாழைப்பூ, முருங்கைக்கீரைப் பொரியல் பார்த்துக்கொள்ளும்.

தட்டில் முறையை மாற்றுங்கள். பாதித் தட்டில் காய், கீரை. கால் தட்டில் பருப்பு, பயறு, முட்டை, மீன் இவற்றில் ஏதாவது. மிச்சக் கால் பங்குதான் சோறோ சப்பாத்தியோ. "ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்" என்று பெரியவர்கள் இரண்டாம் முறை சோறு போட வந்தால், அந்தக் கரண்டியைப் பொரியல் பாத்திரத்துக்குத் திருப்பிவிடுங்கள். காயையும் பயறையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது.

கேழ்வரகுக் கஞ்சி நல்லதுதானே என்று பலர் கேட்கிறார்கள். தானியம் நல்லது, அதைச் செய்யும் விதம்தான் சிக்கல். மாவு எவ்வளவு நைசாக இருக்கிறதோ, கஞ்சி எவ்வளவு குழைகிறதோ, அவ்வளவு வேகமாக அது சர்க்கரையாக மாறும். சல்லடையில் சலித்துத் தவிட்டை நீக்கிய மாவில் நுண்ணுயிர்களுக்கும் மிச்சம் எதுவும் இல்லை. சத்துமாவுக் கஞ்சிக்கும் இதே பேச்சுதான். சலிக்காத மாவில் முருங்கைக்கீரை போட்டு அடையாகத் தட்டுங்கள். சாமை, வரகு, தினை இவற்றை முழுமணியாகச் சமைத்து, நிறையக் காயோடு சாப்பிடுங்கள். சிறுதானியம் என்பதால் அளவில்லாமல் சாப்பிடலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், அதிலும் மாவுச்சத்து இருக்கிறது.

பழைய சோறு? சோறு ஆறும்போது அதன் மாவில் ஒரு பகுதி செரிக்காத மாவாக மாறிப் பெருங்குடலுக்குப் போவது உண்மை. ஆனால் பெரும்பகுதி சோறாகவே இருக்கிறது. கர்ப்பத்தில் வயிற்றைக் கெடுத்துக்கொள்ளும் அபாயமும் பார்க்க வேண்டும். சூடு தணிந்தவுடன் சுத்தமான தண்ணீர் ஊற்றி வைத்தது, மறுநாள் காலையே தீர்வது, ஒரு சிறு கிண்ணம் அளவு என்றால் சாப்பிடலாம். வெயில் காலத்தில் நாள் முழுக்க வெளியே கிடந்த சோறு வேண்டாம்.

பழச்சாறு வேண்டாம், பழமாகவே சாப்பிடுங்கள். சாறு பிழிந்தால் நார் சக்கையோடு போய்விடுகிறது, சர்க்கரை மட்டும் தம்ளரில் நிற்கிறது. வெந்தயம் தாளிக்கவும் இட்லி மாவில் போடவும் சரி. பொடியாக ஸ்பூன் கணக்கில் மருந்துபோலச் சாப்பிட வேண்டாம், மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை அதிகமாக இறங்கிவிடலாம்.

காலை வேளையில் கொஞ்சம் கூடுதல் கவனம் தேவை. விடியும்போது சில ஹார்மோன்கள் உச்சத்தில் இருப்பதால் இன்சுலின் தடையும் அப்போது அதிகம். மதியம் ஒத்துக்கொள்ளும் அளவு இட்லி காலையில் சர்க்கரையை ஏற்றிவிடும். இரண்டு இட்லி, காய் நிறைந்த சாம்பார் ஒரு கிண்ணம், ஒரு முட்டை என்று தொடங்கிப் பாருங்கள். பட்டினி மட்டும் கிடக்காதீர்கள். சர்க்கரைக்குப் பயந்து சாப்பாட்டை விடுவது உங்களுக்கும் குழந்தைக்கும் கெடுதல். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு மூன்று சிறு தீனி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

இத்தனை நார் சாப்பிட்டால் வயிறு உப்பாதா? உப்பும், ஒரே நாளில் மாறினால். உள்ளே இருக்கும் கூட்டம் புதுச் சாப்பாட்டுக்குப் பழக இரண்டு வாரமாவது கொடுங்கள். முதல் வாரம் கால் கிண்ணம் சுண்டல், பிறகு அரைக் கிண்ணம். தண்ணீரையும் கூட்டுங்கள், இல்லாவிட்டால் நாரே மலத்தை இறுக்கிவிடும். இரும்புச்சத்து மாத்திரையால் மலச்சிக்கல் என்று மாத்திரையை நிறுத்துபவர்கள் உண்டு. நிறுத்தாதீர்கள், ரத்தசோகை பிரசவ நேரத்தில் உயிருக்கே ஆபத்து. டாக்டரிடம் சொன்னால் வேறு வகை மாற்றித் தருவார்.

ஆன்டிபயாட்டிக் (பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து) நல்ல கூட்டத்தையும் சேர்த்து அழிக்கும் என்பது தெரிந்ததே. அதற்காகச் சிறுநீர்த் தொற்றுக்கு எழுதிய மருந்தை விட்டுவிடக் கூடாது. கர்ப்பத்தில் அந்தத் தொற்று சிறுநீரகம்வரை ஏறிக் குறைமாதப் பிரசவத்தில் கொண்டுவிடலாம். சளிக்கும் தொண்டைக் கரகரப்புக்கும் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்குவதைத்தான் நிறுத்த வேண்டும்.

சாப்பிட்டதும் பத்து பதினைந்து நிமிடம் நடங்கள், டாக்டர் ஓய்வு சொல்லாதவரை. நடக்கும் தசை, இன்சுலினை எதிர்பார்க்காமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

எந்த எண்ணைப் பார்ப்பது? வெறும் வயிற்றில் 95-க்குக் கீழ், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 120-க்குக் கீழ் இருக்க வேண்டும். இரண்டு வாரம் உணவை மாற்றியும் இறங்காவிட்டால் மெட்ஃபார்மின் மாத்திரையோ இன்சுலினோ தருவார்கள். இதைத் தோல்வியாக நினைத்து அழுபவர்களுக்காகச் சொல்கிறேன், கணையத்தால் முடியாததை ஊசி செய்கிறது, அவ்வளவுதான். இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போவதில்லை. கவனிக்காமல் விட்ட சர்க்கரைதான் தாண்டிப் போகும். அதனால் குழந்தை அளவுக்கு மீறிக் கொழுக்கும், பிரசவம் சிக்கலாகும், பிறந்தவுடன் குழந்தைக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கும்.

சோதனையை எப்போது செய்வது? நம் நாட்டின் வழிகாட்டுதல்படி முதல் முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதே ஒருமுறை, அது சரியாக இருந்தால் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடியும். 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140-ஐத் தொட்டாலே கர்ப்பகால நீரிழிவு. குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், இன்னொரு நாள் செய்துகொள்ளலாம்.

இதற்கு வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. இந்த முறைக்குப் பின்னால் இருப்பவர் சென்னை நீரிழிவு மருத்துவர் வி. சேஷய்யா. தூரத்து ஊரிலிருந்து பஸ் பிடித்து வரும் பெண்ணிடம் "நாளைக்குச் சாப்பிடாமல் வா" என்றால் திரும்பி வருவது கடினம் என்பதால், வந்த அன்றே முடிக்கும்படி அதை அமைத்தார். அவர் குழு தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரம் கர்ப்பிணிகளைச் சோதித்தபோது நகரத்தில் 17.8 சதவீதம், சிறு நகரங்களில் 13.8, கிராமங்களில் 9.9 சதவீதம் பேருக்கு இருந்தது. கிராமத்தில்கூடப் பத்தில் ஒருவர். நீங்கள் தனி ஆள் இல்லை.

பிரசவத்துக்குப் பிறகு சர்க்கரை பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். குடலின் கதை அடுத்த ஆளுக்குப் போகும். குழந்தை தன் முதல் நுண்ணுயிர்களில் பெரும்பகுதியை உங்களிடமிருந்துதான் பெறுகிறது. தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்கவே முடியாத ஒருவகைச் சர்க்கரைகள் ஏராளம். அவை குழந்தையின் குடலில் குடியேறும் நல்ல பாக்டீரியாக்களுக்கான தீனி. பால் கொடுப்பது பின்னாளில் உங்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பையும் குறைக்கிறது.

அந்த வாய்ப்பு சிறியதல்ல. கர்ப்பத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கும் மேல். அதனால்தான் பிரசவமாகி ஆறு வாரத்தில் குளுக்கோஸ் சோதனையை மறுபடி செய்யச் சொல்கிறார்கள். பெரும்பாலானோர் போவதில்லை, பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு யாருக்கு நேரம் இருக்கிறது? ஆனால் ஆறாவது வாரம்தான் குழந்தைக்கும் தடுப்பூசி. எப்படியும் தூக்கிக்கொண்டு போவீர்கள். அன்று குழந்தையைப் பாட்டி மடியில் கொடுத்துவிட்டு, நர்சிடம் "எனக்கும் சுகர் பார்க்கணும்" என்று நீங்களே கேளுங்கள்.